ஓரத்தில் எழுதியது

நாரினில் இன்று மைனஸ் இருபத்தெட்டு.
பேனாவை ஊதி ஊதி எழுதுகிறேன்.

அப்பா: மாஸ்கோ, கட்டட வேலை, போன் இல்லை. டிக்.
அம்மா: குடி. டிக்.
குடும்பத்தில் முன்பே யாருக்காவது?
மாமா ஒருவர்,
ஆற்றுப் பனிமேல் நடந்து போனவர். டிக்.

எர்லானுக்கும் உலுக்பெக்குக்கும் ஒரே டிக்குகள்.
இரட்டையர். கார்பன் வைத்திருக்கலாம்.

எர்லான் உள்ளே,
சுவருக்குள் ரேடியோ பேசுகிறதாம்.
உலுக்பெக் நடைவழியில்
சூரியகாந்தி விதை கொறிக்கிறான்.

நீ எப்படித் தப்பினாய் என்று
கேட்கக் கூடாது. கேட்டேன்.

தோலைத் துப்பினான்.
"நாய் என் கால்மாட்டில்தான் படுக்கும்."

படிவத்தில் நாய்க்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்,
அடித்தேன்,
மறுபடி எழுதினேன்.

ஊசி போடப் போனபோது
எர்லான் சுவரைவிட்டுத் திரும்பி
முதல்முறையாக என்னிடம் பேசினான்:
அதுக்கு எலும்பு போட்டாங்களா?