ஒன்று தசம் எட்டு

சனிக்கிழமை லீவு.
ஆறு நாள் முழங்காலில் நின்ற கால்களை
சீமெந்து நிலத்தில் நீட்டிக்கொண்டு
பச்சைச் சோடாப் போத்தலை
நீளவாட்டில் வெட்டுகிறேன்.
நாலு இறகு.
வளைவு போத்தலோடேயே வந்தது,
நான் செய்யவில்லை.

மோட்டர், பாட்டை விட்ட சீடீ பிளேயரில் கழற்றியது.
நடுச் சில்லு, வார் அறுந்த செருப்பின் குதிப்பக்கம்;
ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்து வட்டம் கீறினேன்.
இறகுக்கு முள்ளந்தண்டு ஐஸ்பழக் குச்சி.
நாலு போதும் என்றுதான் சொன்னேன்.
பக்கத்து வளவுப் பிறேமிளா,
காமென்ற் வேலை முடிந்து வந்தவள்,
எட்டு ஐஸ்பழம் தின்றாள்.
"எல்லாம் விஞ்ஞானத்துக்காக."
நாக்கு ஒறேஞ்ச் நிறம்.

முகமாலையில் என் பாதை ஒரு மீற்றர் அகலம்.
டிடெக்டர் கத்தினால்
பக்கவாட்டில் இருந்து மண்ணைச் சுரண்டுவேன்,
குழந்தையின் காதில் அழுக்கெடுப்பதுபோல.
மேலிருந்து ஒருபோதும் அழுத்தக்கூடாது.
அந்தக் கைக்கு
சூப்பர் குளூ மரியாதை தரவில்லை.
பெருவிரலும் சுட்டுவிரலும் ஒட்டிப்போய்
சுடுதண்ணியில் அரை மணித்தியாலம்.

பின்னேரம்
பூநகரிப் பக்கமிருந்து சோளகம்
புழுதியும் கச்சான் கோதுமாய்
உமையாள்புரத்து முற்றங்களில் ஏறியது.
வேலிக் கதியாலில் கட்டினோம்.
அசையவில்லை.
இந்தப் பக்கம் கொஞ்சம்,
அந்தப் பக்கம் கொஞ்சம், அவ்வளவுதான்.
பிறேமிளாதான் கண்டுபிடித்தாள்:
இரண்டு இறகை மறுவளமாய் ஒட்டியிருக்கிறேன்.
"இரண்டு பேர் இழுக்க
இரண்டு பேர் எதிராய் இழுக்கினம்.
எங்கட அபிவிருத்திச் சங்கம் மாதிரி."

பிய்த்து, திருப்பி, ஒட்டி,
காயும்வரை ஊதி ஊதி
திரும்பவும் கட்டினோம்.
சுற்றியது.
இறகுகள் தனித்தனியாய்த் தெரியாமல்
காற்றில் ஒரு பச்சைத் தட்டு.
மீற்றரில் ஒன்று தசம் எட்டு.
ரோச்சில் கழற்றிய வெள்ளைக் குமிழ்
அதைக் கணக்கே எடுக்கவில்லை.
வெள்ளைக்கு மூன்று வோல்ற் வேணுமாம்.
பழைய சார்ஜருக்குள் கிடந்த சின்னச் சிவப்பை வைத்தோம்.
அது எரிந்தது.
இருட்டுப்பட்ட முற்றத்தில்
பூச்சியின் கண்ணளவு.

வேலையில்
வெள்ளைக் கட்டை என்றால் நடக்கலாம்.
சிவப்புக்கு அங்கால் கால் வைப்பதில்லை.
பதினொரு வருசம்.
கிணற்றடியில் கை கழுவிவிட்டு வந்தேன்.
சிவப்பைக் கண்டதும்
கால் தன்பாட்டில் நின்றுவிட்டது.
என் முற்றம். நான் கூட்டிய மண்.
நேற்றும் வெறுங்காலோடு திரிந்த இடம்.

பிறேமிளா ஒன்றும் யோசிக்காமல் தாண்டிப்போய்
வேலியோடு குந்தியிருந்தாள்.
"இங்கால வந்து பார், இன்னும் வடிவு."

வாறன் என்றேன்.
வரவில்லை.

காற்று ஒருக்கால் விழுந்தது.
சிவப்பு அணைந்தது.
அந்த நேரம் பார்த்து நடந்தேன்.
அவள் பக்கத்தில் போய் இருந்தபிறகு
சோளகம் திரும்பவும் எழும்பியது.
மிச்ச நாலு குச்சியும்
அவள் கையில் இருந்தன.