ஓய்வு நாள் சுவர்

ஆடும் எங்களுடையது, தோட்டமும் எங்களுடையது.
அதனால் சண்டை தெருவுக்குத் தெரியவில்லை.
பதினோரு கத்தரி, ஒரு சாதிமல்லி
மூன்றாம் முறையாக மொட்டையான அன்று
செங்கல் இறக்குவதென்று சொன்னேன்.
தில்லைநாயகி கணக்கில் கெட்டி:
"ஒரு ஆட்டுக்கு அறுநூறு கல்லா?
அந்தக் காசுக்கு இன்னும் ரெண்டு ஆடு வாங்கலாம்."

கொத்தனார் கூலி ஆயிரத்து இருநூறு, சித்தாள் தனி.
நான் நடத்துநர்.
ஒரு நாள் டூட்டி, ஒரு நாள் ஓய்வு.
ஓய்வையெல்லாம் சுவராக மாற்றினால் எத்தனை வாரம் என்று
பழைய டிக்கெட் கட்டின் முதுகில் எழுதிப் பார்த்தேன்.

மன்னார்குடி–திருத்துறைப்பூண்டி தடத்தில்
ஒரே ஒருவரிடம்தான் கேட்டேன், கலவை எப்படி என்று.
பேருந்தே பதில் சொன்னது.
ஆறுக்கு ஒண்ணு போடுங்க.
யாரு சொன்னா, நாலுக்கு ஒண்ணு.
கல்லை ராத்திரியே ஊறப் போட்டுடணும்.
ஊறப் போட அது என்ன உளுந்தா?
பின் இருக்கையில் கீரைக்கூடைக்கு மேலிருந்து ஒரு குரல்:
செவ்வாக்கிழமை மட்டும் ஆரம்பிச்சிடாதீங்க.
கோட்டூரில் இறங்கிய ஒருவர், விரல் இடுக்கெல்லாம் சிமெண்ட்,
படியில் நின்றபடி சொன்னார்:
"களிமண்ணை நம்பாதீங்க சார்.
கோடையில வாயைப் பொளக்கும், ஐப்பசியில உப்பும்."
விசில் கொடுத்துவிட்டு அதைத்தான் யோசித்துக்கொண்டு போனேன்.

அஸ்திவாரக் குழிக்கு வானம் என்று பேர்.
முழங்கால் ஆழம் வானம் தோண்டினேன்.
மண்வெட்டியை விட மறுக்கும் கறுப்புக் களி,
நடுநடுவே வெளுத்த நத்தை ஓடுகள்.
மனை என்று பத்திரம் சொல்கிறது,
மண் இன்னும் வயலாகவே இருக்கிறது.
நிரப்ப மணல் வாங்கினேன்.
பாமணியாறு கூப்பிடு தூரத்தில்;
என் மணல் கல்லை உடைத்து அரைத்த மணல்,
லாரியில் புதுக்கோட்டையிலிருந்து வந்தது.

செங்கல்லின் பள்ளத்தில் சூளைக்காரரின் முன்னெழுத்து.
ஒன்றில் மட்டும், ஈரத்தில் நடந்த கோழியின் கால்.
அதைத் தனியே எடுத்து வைத்தேன்.

ஐந்தாம் வரியில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால்
சுவர் மேற்கே சாய்ந்திருந்தது,
வளைவில் வண்டி திரும்பும்போது
கம்பியைப் பிடிக்காமல் நான் சாய்கிற அதே அளவு.
பதினேழு வருஷம் ஓடுகிற தரையில் நின்ற உடம்பு
நேர் என்று நினைப்பது இதைத்தான் போல.
இரண்டு வரியைப் பிரித்தேன்.
சாந்தைச் சுரண்டச் சுரண்ட விரல் வெந்தது.
சமையலறை ஜன்னல் ஒருமுறை திறந்து மூடியது.
மறுபடி நூல் கட்டி, கண்ணை நம்பாமல்,
நூல் சொன்னபடி வைத்தேன்.

அடியில் நாலு இடத்தில்
அரைக்கல் அகலம் ஓட்டை விட்டேன், அடைமழைத் தண்ணீருக்கு.
தண்ணீரை மறித்து நின்ற சுவரை
இந்தப் பக்கம் நான் பார்த்ததில்லை.

நாலரை அடி. தாண்டுமா?
ஆட்டைக் கேட்க முடியாது.
அது என் வேலையைப் பார்த்தபடியே அசை போட்டது,
மேற்பார்வைப் பொறியாளர் மாதிரி.
மேல் வரியின் நடுவில் கோழிக்கால் கல்,
கால் வானத்தைப் பார்க்க, மேலே இருக்கும் வானத்தை.

ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும்.
என் கையில் இருப்பதோ ஒன்றுவிட்டு ஒரு நாள்.
அவளிடம் கேட்கவில்லை,
கேட்கிற மாதிரி இல்லை அப்போது வீடு.
சித்திரை வெயிலில் அன்று முழுக்க
நாலு நடை போய்த் திரும்பியபோதும்
அது விரிசல் விடுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிப்போவில் கணக்கு ஒப்படைத்து வீடு சேர மணி பதினொன்றே கால்.
கரண்ட் இல்லை.
நேரே கொல்லைக்குப் போய் இருட்டில் கை வைத்தேன்.
ஜில்லென்றிருந்தது.
நடுவில் மட்டுமல்ல, மூலை வரை, அடி வரிசை வரை.
செருப்பைச் சேறு பிடித்துக்கொண்டது.
சுவர் மேல் கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் குடம்,
கோழிக்கால் கல்லை மட்டும் விட்டு ஒரு பக்கமாக.

கொட்டகையில் ஆடு இருமியது.
சட்டைப்பையில் விசில் சாவியோடு உரசிக் கிணுங்க,
கையால் பொத்திக்கொண்டு
உள்ளே போனேன்.