ஒரு சிட்டிகைதானே

எங்கள் சூக்திதியில் கத்தரிக்காய்க்கு அக்ரூட்,
கோழிக்கு அக்ரூட், கீரைக்கும் அக்ரூட்.
ஒருவர் பிறந்தாலும் அக்ரூட், செத்தாலும் அக்ரூட்.
என் மகள் நூட்ஸாவுக்கு அது ஆகாது.

ஆகாது என்றால்
பிடிக்காது என்று நினைக்கிறார்கள்.
"ஒரு சிட்டிகைதானே மல்ஹாஸ், வாசத்துக்கு"
என்றாள் அண்ணி.
அந்தக் கல்யாணத்தில்
கரண்டி ஒன்று சட்டி மாறிப் போயிருந்தது.
பீன்ஸ் தின்ற குழந்தையின் உதடு
நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
வேறு யாருடைய உதடாகவோ ஆனது.
பதினான்கு சீட்டும் காலியாக என் மினிபஸ்;
ஆஸ்பத்திரி வாசல் வரை
ஹாரனில் வைத்த கையை நான் எடுக்கவில்லை.

சின்னவன் பாச்சானாவுக்குப் பாலும் முட்டையும்.
ஆக, பாலாடைக்கட்டி அடைத்த ரொட்டியும் போயிற்று.
ஜார்ஜியாவில் இதை வெளியே சொல்லிவிட்டு
ஒருவன் நிமிர்ந்து நடக்க முடியாது.

லாலிக்கு இரவு ஷிப்ட். சமையல் என்னுடையது.
கியர் மாற்றிப் பழகிய கைக்கு
மாவு பிசையச் சொல்லித்தர யாருமில்லை.
மாவே சொல்லித்தந்தது, கொஞ்சம் அவமானப்படுத்தி.
சோளமாவு, வெந்நீர், உப்பு.
உள்ளங்கையில் தட்டி இரும்புச் சட்டியில் போட்டு மூடினால்
என் விரல் ஐந்தும் பதிந்த அடை.
அது நாலு பேருக்கும் ஆகும்.

குழம்புக்குத்தான் மூன்று குளிர்காலம் பிடித்தது.
சூரியகாந்தி விதையை வறுத்தால் கருகிற்று,
ஊறவைத்தால் சோப்பு வாடை.
பூசணி விதை தட்டில் பாசிக்குளமாய் நிற்க
பாச்சானா அதைப் பார்த்து அழுதான்.
கடைசியில் இரண்டையும் சேர்த்து
பூண்டு, நீல வெந்தயம், உலர்ந்த சாமந்தி இதழ்,
வினிகர் ஒரு சொட்டுக் கூடுதலாய்.
நள்ளிரவில் விரலால் தொட்டு நக்கினேன்.
அது அதுவல்ல.
அதற்கு ஒன்றுவிட்ட தம்பி.

மசாலாப் பொடி எதுவும் கடையில் வாங்குவதில்லை.
அந்த மெஷின் முன்னால் எதை அரைத்தது என்று
பொட்டலத்தை எப்படிக் கேட்பது?
'தடயங்கள் இருக்கலாம்' என்கிறது
கடுகளவு எழுத்தில், போலீஸ்காரன் மாதிரி.

ஒன்று சொல்லியாக வேண்டும்.
அக்டோபரில், ரிகோட்டி கணவாயில்,
நூலில் கோத்துத் திராட்சைக் கூழில் தோய்த்த அக்ரூட்
சரம் சரமாய்க் கடைவாசலில் தொங்கியது.
வண்டியை ஓரங்கட்டினேன்.
பயணிகள் சிகரெட் பிடித்து முடிப்பதற்குள்
நின்றபடியே ஒன்றைத் தின்று தீர்த்தேன், நூலைத் தவிர.
பிறகு ஊற்றுநீரில் கை, வாய், மீசை,
மூன்று தடவை சோப்பு.
அன்றிரவு நூட்ஸா கன்னத்தை நீட்டினாள்.
சளி பிடித்திருக்கிறது என்றேன்.
லாலி என் மீசையைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

புத்தாண்டுக்கு முதல் ஆள் வந்து கால் வைக்க வேண்டும்,
கையில் இனிப்போடு.
இனிப்பென்றால் தேனில் வெந்த அக்ரூட்தான்.
எங்கள் தெருவுக்கு ராசியான கால் குராமுடையது.
ஐந்து வீடு முடித்துத்தான் எங்களிடம் வருவார்,
ஐந்து வீட்டுப் பிசுக்கும் விரலில் இருக்கும்.
போன வருஷம் விளக்கை அணைத்துவிட்டு
நாலு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம்.
அவர் தட்டினார். இன்னொரு முறை தட்டினார்.
செருப்புச் சத்தம் பனியில் திரும்பிப் போனது.

இந்த வருஷம் பன்னிரண்டு அடித்த கையோடு
முற்றத்துக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம்.
ஜன்னலைத் துடைத்துப் பார்த்தேன்.
சட்டைக்கையை முழங்கை வரை மடித்துவிட்டு
நகக்கண் நகக்கண்ணாய்
சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார் குராம்.
கோட்டுப் பைகள் இரண்டும்
நாக்குப் போல வெளியே தொங்கின.
"முதல்ல உங்க வீடு" என்றார், பல் கிடுகிடுக்க.
"மத்தவங்க காத்திருக்கட்டும்."

கொண்டுவந்திருந்தது ஒரு பெட்டி, பிரிக்காதது.
நூட்ஸா அதை வாங்கி
வாசல் விளக்குக்கு நேரே திருப்பினாள்.
உதடு அசைய, எழுத்துக் கூட்டி,
மேலிருந்து கீழே, பிறகு பக்கவாட்டில்.
வலது காலைத் தூக்கியபடி,
நிலையைப் பிடித்துக்கொண்டு
குராம் நின்றார்.

"சீனி" என்றாள் கடைசியில்.
"வெறும் சீனிக்கட்டி. நீங்க வரலாம்."