இடப்பக்கம் கடல்

மூன்று பெட்டி, பச்சைப் பூச்சு, பெரிய கண்ணாடி.
இடப்பக்க இருக்கைக்கு ஒரு மாதம் முன்பே அடிதடி.
வலப்பக்கம் வாய்த்தவர்கள்
எழுந்து நின்று இடப்பக்கம் பார்ப்பார்கள்.

என் வேலை சொல்வது.
கழுத்தில் பட்டுத்துணி, கையில் ஒலிவாங்கி:
"இடப்பக்கம் கடல்.
இன்னும் இரண்டு நிமிடத்தில் ஆமைப்பாறை.
நீங்கள் படமெடுக்க வசதியாக வண்டி மெதுவாகச் செல்லும்."
பதினோரு வருடமாகச் சொல்கிறேன்.
ஆமை ஒரு சாண் நகர்ந்ததில்லை.

குளிர்காலத்திலும் இவ்வளவு அழகா என்று கேட்பார்கள்.
குளிர்காலத்தில் அலை வந்து தண்டவாளத்தைக் கழுவும்.
வண்டி ஓடாது. நாங்கள் இருப்போம்.
இதைச் சொல்வதில்லை, "ஆமாம்" என்று மட்டும் சொல்வேன்.

மெதுவாகச் செல்லும் அந்த முந்நூறு மீட்டரில்
வலப்பக்கம் என் வீடு.
வாசல்கூட இல்லை, புறக்கடை:
குளியலறை ஜன்னல்,
எரிவாயு உருளை இரண்டு,
போன ஜனவரிப் பனி பெயர்த்துப்போட்ட கூரைத் தகடு,
கொடியில் தொகுஜியின் பனியன்கள்.
அவனுக்குத் துறைமுக ஏலக்கூடத்தில் இரவு வேலை.
அவன் வரும்போது நான் கிளம்பியிருப்பேன்.
நான் வரும்போது அவன் குறட்டையில்.
நாற்பது முதுகுகளுக்குப் பின்னால் நின்று
ஒன்பது நொடி நான் மட்டும் பார்ப்பேன்.
சில வாரங்களில்
கணவனை விழித்த நிலையில் பார்ப்பது அவ்வளவுதான்.

ஜூன் மாதம், ஒரு வியாழன்,
நோஷிரோவைத் தாண்டியதும் மூடுபனி.
கடல் என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை.
கண்ணாடிக்கு வெளியே யாரோ
பசை தடவிக் காகிதம் ஒட்டிவிட்டதுபோல.
சொன்னேன், "இடப்பக்கம் கடல்."
இரண்டாம் வரிசையில் ஒருவர்
அந்த வெள்ளையையும் படமெடுத்துக்கொண்டார்.
மூன்றாம் பெட்டியில் ஷாமிசென் வாசிக்கும் கசாய்
இரண்டு பாட்டு கூடுதலாக வாசித்தார், காசு கேட்காமல்.
ஆமைப்பாறை வந்தது.
அதாவது, வந்திருக்க வேண்டும்.
வண்டி மெதுவானது.
காண ஒன்றுமில்லை என்பதற்காகக்
கால அட்டவணை மாறாது.

ஒரு சின்னப் பையன்தான் முதலில் திரும்பினான்.
மலைப்பக்கம் பனி அத்தனை கனமில்லை.
பிறகு அவன் அம்மா, பிறகு ஒசாகாவிலிருந்து வந்த தம்பதி,
பிறகு நாற்பது பேரும்
படகு சாய்வதுபோல வலப்பக்கம் சாய்ந்தார்கள்.
அங்கே
என் புறக்கடையில், அரைக்கால் சட்டையோடு,
வாய் நிறைய நுரையோடு தொகுஜி.

கூரைத் தகட்டுக்காக ஞாயிறன்று போட்ட சண்டை.
நான்கு நாளாகப் பேச்சில்லை.
குளிர்பதனப் பெட்டிக் கதவில் சீட்டு மட்டும்:
"சோறு இருக்கிறது."
"பார்த்தேன்."

ஒலிவாங்கி கையில் இருந்தது.
"வலப்பக்கம்," என்றேன். குரல் எனக்கே புதிது.
"வலப்பக்கம் ஒரு வீடு. கட்டி முப்பத்தெட்டு வருடம்.
மூலையில் பெர்சிமன் மரம், அக்டோபரில் காய்க்கும், துவர்ப்பு ஜாதி.
கூரை, பழுது பார்க்கப்படும் என்று தெரிவிக்கப்பட்டுள்ளது."
சிரித்தார்கள். பையன் கையசைத்தான்.
உடனே பெட்டி முழுக்கக் கைகள்.
தொகுஜி பின்னால் திரும்பிப் பார்த்தான்,
வேறு யாருக்கோ என்று.
பிறகு பல்துலக்கியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து
இடுப்புவரை குனிந்து வணங்கினான்.
வண்டி வேகமெடுத்தது.

அன்றிரவு தூங்காமல் உட்கார்ந்திருந்தான்.
நான் காலணியைக் கழற்றும்வரை பொறுக்கவில்லை:
"இன்றைக்குக் கடலுக்கு என்ன ஆச்சு?"

மறுநாள் வெயில். கடல் முழுசாக இருந்தது.
நாற்பது முதுகுகள்.
கொடி காலி.
தகடு அப்படியேதான் கிடந்தது.
ஆனால் தலையை நீர்தொட்டுச் சீவி,
கழுத்துவரை பொத்தான் போட்டு,
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
நின்றுகொண்டிருந்தான்.

ஒலிவாங்கியை வாயருகே வைத்தேன்.
கேட்டுப் பழகிய வாக்கியம்தானே என்று
ஒருவரும் திரும்பவில்லை, நான்
எந்தப் பக்கம் என்று சொல்லக்
கொஞ்சம் தாமதித்தபோது.