இவன்தான்

ஜனவரி. அடிலெய்டில் நாற்பத்திரண்டு பாகை.
திரைச்சீலையை இழுத்துவிட்டு
டைல்ஸ் தரையில் முதுகைப் போட்டிருக்கிறேன்.
நெஞ்சின் மேல்
நூலகத்தின் தமிழ்த் தட்டிலிருந்து வந்த கொலைக்கதை.

முப்பதாம் பக்கத்திலேயே யாரோ ஒரு புண்ணியவான்
தோட்டக்காரன் பெயரைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிட்டு
‘இவன்தான்’ என்று எழுதிவைத்திருக்கிறான்.
இந்த ஊரில், எனக்கு முன்னால், தமிழில் ஒரு துரோகி.

அதன்பிறகு
அவன் ரோஜாவுக்குத் தண்ணீர் விடும்போதெல்லாம்
கையையே பார்க்கிறேன்.

வாகீசன் ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டு
ஐஸ் தேடுகிறேன் என்று
ஐந்து நிமிடமாய் நிற்கிறான்.
“இன்னும் எத்தினை பேர் சாகோணும்?”
“ரெண்டு.”
“அப்ப சாப்பாடு?”
“வத்தகப்பழம் வெட்டு.”

கொடியில் போட்ட துணி
பத்தே நிமிடத்தில் அப்பளம்.
கிடக்கட்டும்.
குழாயடியில் மேக்பை ஒன்று
அலகைத் திறந்தபடி
எதற்கோ காத்திருக்கிறது.

இருநூற்றுப் பதினொன்றில்
பழச்சாறு ஒரு சொட்டு விழுந்தது.
அதே பக்கத்தில்
தோட்டக்காரன் செத்துக் கிடந்தான்,
பாவம், ஒரு பாவமும் அறியாதவன்.

வாய்விட்டுச் சிரித்தேன்.
எழுந்துபோய்ப் பென்சில் தேடி
முப்பதாம் பக்கத்துக்குத் திரும்பி
அந்த வட்டத்தை
இன்னும் கொஞ்சம் கறுப்பாக்கி வைத்தேன்.