இடது ஆள்காட்டி விரல்

வாக்குச்சாவடி நூற்று நாற்பத்தொன்று,
பேரணாம்பட்டு, நடுநிலைப்பள்ளி, மேற்குக் கட்டடம்.
இரண்டு கதவு, இரண்டு வரிசை.
ஆண்கள் வேப்பமர நிழலில்.
பெண்கள் பக்கம் வெயில்.
யாரும் திட்டமிட்டதில்லை என்றார் தலைமை அலுவலர்.

என் வேலை மை வைப்பது.
முகம் பார்க்க நேரமில்லை, விரல்தான்.
பீடி இலை வெட்டிக் காய்த்த விரல்.
ஷூ கம்பெனி சொல்யூஷன் காய்ந்து
பாம்புச் சட்டைபோல் உரியும் விரல்.
மருதாணி நுனியில் மை தெரியாதென்று
கணுவரை இழுத்துவிட்டேன் நஃபீஸாவுக்கு.

நூறு மீட்டர் கோட்டுக்கு அப்பால்
இன்னும் கிழியாத ஒரு சுவரொட்டி:
நம் பெண்ணுக்கு நாமே காவல்.
கேடயம் ஏந்திய ஒருவன்.
பின்னால், முகம் வரையாத ஒருத்தி.

ஆண்கள் வரிசையில் அதைச் சத்தமாகப் பேசினார்கள்.
தோல் ஷாப்பில் வேலை போனவன்,
முப்பத்தாறாகியும் பெண் கிடைக்காதவன்,
"அவளுங்க சம்பாதிக்க ஆரம்பிச்சாளுங்க, போச்சு" என்றவன்.
பெண்கள் வரிசையில் பேச்சு
தண்ணீர் லாரி வந்ததா என்பது.

அப்படியே பிரித்துவிடவும் முடியாது.
பதினெட்டு முடிந்த மோகனப்பிரியா
கைப்பேசி முதுகில் கேடயம் ஒட்டி வந்தாள்.
உரிக்கச் சொன்னோம்.
நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்:
"இவங்க வந்தா பஸ்ஸுல எவனும் கை வைக்க மாட்டான் மிஸ்."
யார் கை என்று நான் கேட்கவில்லை.

"வேண்டா, கணவர் பெயர் முனிரத்தினம்"
உரக்கப் படித்தார் முதல் அலுவலர்.
நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததற்கு வைத்த பெயர்.
முனிரத்தினம் ஆண்கள் கதவோரம் நின்று
மூன்று விரல் காட்டினான்: மேலிருந்து மூன்று.
அவள் அட்டை மறைப்புக்குள் போனாள்.
ஏழு நொடி கண்ணாடிக்குள் சீட்டு நிற்கும்,
விழும், பிறகு பீப்.
பீப் வந்த பிறகும் கொஞ்சம் நின்றாள்.
வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றுமில்லை.
முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்கொருமுறை செய்தி அனுப்பவேண்டும்.
ஆண் இருநூற்றுப் பன்னிரண்டு,
பெண் இருநூற்று நாற்பத்தெட்டு.
அவ்வளவுதான் கேட்பார்கள்.

மாலைக்குள் என் வலது கை முழுக்க மை.
இடது ஆள்காட்டி விரல் மட்டும் சுத்தம்.
என் வாக்கு தபாலில் வந்தது.
சாப்பாட்டு மேசையில் பிரித்தேன்.
என் கணவர் வேதியியல் ஆசிரியர், குரல் உயர்த்தாதவர்.
பேனா மூடியைத் தானே கழற்றிக் கொடுத்து
பக்கத்தில் உட்கார்ந்தார்.
மின்விசிறிக் காற்றில் சீட்டு பறக்காமலிருக்க
ஒரு விரலை அதன்மேல் வைத்தார்,
மூன்றாவது பெயருக்கு நேரே.