ஒருவழி

சோப்புக்கட்டி அளவுதான் இருந்தது அடாப்டர்.
லியாண்டர் அனுப்பியிருந்தான்
ஆல்பர்ட்டா தார்மணல் முகாமிலிருந்து.
கூடவே ஒரு சீட்டு, கோணல் எழுத்தில்:
மோடத்துக்குப் பின்னால் ரௌட்டர்,
ரௌட்டருக்குப் பின்னால் இது,
இதற்குப் பின்னால் சமையலறைப் போன்.
அவ்வளவுதான் வெர்னா.

அவ்வளவுதான் என்று அவன் சொன்ன எதுவும்
அவ்வளவோடு நின்றதில்லை.

ஃபிரிட்ஜை இழுத்துப்போட்டுத் தூசிக்குள் மண்டியிட்டேன்.
மஞ்சள் வயருக்கும் நீல வயருக்கும்
ஒரே ஓட்டைமேல் ஆசை.
மூன்று விளக்குகள் எரிந்தன,
நான்காவது யோசித்தது.
ஜன்னலுக்கு வெளியே, ட்விலிங்கேட் கடலில்,
மே மாதத்துப் பனிப்பாறை
நேற்று நின்ற இடத்திலேயே நின்றது.
அதையும் ஒருமுறை அணைத்துப் போட வேண்டும்போல.

ஏழு மணிக்கு நான்காவதும் எரிந்தது.
அங்கே மூன்றரை.
(அந்த அரை மணி எங்கள் தீவின் சொத்து,
கனடா முழுக்கத் தேடினாலும் வேறெங்கும் கிடைக்காது.)
எடுத்தேன், டயல் டோன்.
அழுத்தினேன், மணி போனது.
யாரோ எடுத்த மாதிரி நின்றது.

அப்புறம் ஒன்றுமே இல்லை.
இரைச்சல் இல்லை, மூச்சில்லை,
கம்பளிக்குள் தலையை விட்டது போல் ஒரு அமைதி.

ஹலோ என்றேன். லியாண்டர் என்றேன்.
பன்னிரண்டு முறை ஹலோ சொன்ன பிறகு
வாய் தானாகப் பேசத் தொடங்கியது,
காலி வீட்டில் அடுப்போடு பேசுகிற அதே வாய்.
உன் மோடம் நாசமாய்ப் போக என்றது.
கூரை மேற்குப் பக்கம் ஒழுகுகிறது,
வாளி வைத்திருக்கிறேன் என்றது.
நீ இல்லாத ஞாயிறுகள் சில சமயம்
நன்றாகத்தான் இருக்கின்றன என்றது.
பிறகு, கொஞ்சம் தாழ்ந்து,
படகை விற்றுவிட்டேன் லியாண்டர்,
பாய்ட் பார்டிக்கு, மார்ச்சிலேயே.
உன்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.
இப்படிச் சொல்லிப் பார்க்கிறேன், யாரும் இல்லாதபோது.

வைத்தேன். மனம் லேசாகியிருந்தது.

மாடிப் போன் இன்னும் பழைய கம்பியில்தான்.
உதவி எண்ணில் கிலேன் என்றொரு பெண், பிரெஞ்சுச் சாயல்.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு புள்ளி
நூற்றறுபத்தெட்டு என்று
ஜெபம்போல் சொல்லச் சொல்லத் தட்டினேன்.
பாஸ்வேர்டு? அட்மின்.
இத்தனை காலம் என் வீடு பூட்டியிருந்த லட்சணம் அது.

ஐயாயிரத்து அறுபதாம் துறையைத் திறக்க வேண்டும் மேடம்,
அப்புறம் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் வரை.

எங்கள் துறை மூடிப் பதினான்கு வருஷமாகிறது.
காட் மீன் போயிற்று, பின்னாலேயே ஆண்கள் போனார்கள்.
திறக்கச் சொல்லி எத்தனை மனு, எத்தனை மந்திரி.
இங்கே ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதுமாம்.
அடித்தேன். பத்தாயிரம் துறைகள்.

சரியாகிவிடும் மேடம், என்றாள் கிலேன்.
உங்கள் பேச்சு வெளியே போவதில் கோளாறே இல்லை.
அவர் பேச்சுதான் ரௌட்டர் வாசலில் நின்றுவிட்டது.

போவதில் என்றால்?

நீங்கள் பேசியது அவருக்குக் கேட்டிருக்கும், மேடம்.
முதல் ஹலோவிலிருந்தே.

கீழே போன் அடித்தது.
படியில் நின்று எண்ணினேன்.
ஆறாவது மணிக்கு இறங்கினேன், ஒன்பதாவதில் எடுத்தேன்.

அவ்வளவு தெளிவு.
முகாமின் காப்பி மெஷின் சொட்டுவது கேட்டது.
யாரோ பூட்ஸைக் கழற்றி எறிவது கேட்டது.
அவன் தொண்டையைச் செருமுவது
என் காதுக்குள்ளேயே நடந்தது.

"எவ்வளவுக்குக் கொடுத்தாய்?"

நான் ரிசீவரைச் சற்றுத் தள்ளிப் பிடித்தேன்.

"ஹலோ?" என்றேன். "ஹலோ, லியாண்டர்?
ஒன்றும் கேட்கவில்லையே."